மூன்றாம் ஓலை

மகனுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்துவிட்டேன். நீ இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். முதல் கேள்வி சுலபம். பள்ளி விடுமுறையில் நீயும் மருமகளும் சபை வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு பகாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஊழியத்துக்குப் போகிறீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் நானும் அம்மாவும் சைக்கிளில் போன வழி எது, ஆற்றை எங்கே கடந்தோம், கூடாரம் போட இடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டாவது கேள்வியைக் கடிதத்தின் ஓரத்தில், பிறகு ஞாபகம் வந்ததுபோல, சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்களே, ஒரு ஞாயிறுகூட அப்பா ஏன் வரவில்லை என்று. உன் மாமனார் வீட்டார் அதைக் கவனித்தார்களாம். கவனித்திருப்பார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பதற்காகவே முன்வரிசையில் உட்காருகிற குடும்பம் அது.

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அதனால்தான் இவ்வளவு நாள் பிடித்தது. இன்ன பையனுக்கும் இன்ன பெண்ணுக்கும் திருமணம் நடக்கப்போகிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் மூன்று ஞாயிறு தொடர்ந்து சபைக்கு முன் வாசிக்கிறார். உன் பெயரை வாசித்தபோது அங்கே இருந்தவர்கள் விசிறிக்கொண்டு இருந்திருப்பார்கள். யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அந்த ஓலையை என் வாயால் வாசித்திருக்கிறேன். முதல் இரண்டு ஞாயிறும் நான் வீட்டில்தான் இருந்தேன். மூன்றாவது ஞாயிறு எங்கே போனேன் என்பதை உன் அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை.

அப்போது மந்தினுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. வெள்ளைக்கார மானேஜர் ஓடிப்போன பிறகு ரப்பர் வாங்க ஆளில்லை. பால் எடுப்பது அநேகமாக நின்றுபோயிற்று. ஆபீசில் எழுதுவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் தினமும் போய் உட்கார்ந்திருப்பேன். எங்கள் சபையின் வெள்ளைக்காரப் போதகரைச் சிங்கப்பூரில் சிறை வைத்திருந்தார்கள். சிரம்பானில் மீதி இருந்த தமிழ்ப் போதகருக்கு வயது அறுபதுக்கு மேல், மூச்சிரைப்பு வேறு. தோட்டங்களில் சிதறிக் கிடக்கிற குடும்பங்களைப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் அம்மாவையும் கூப்பிட்டார். எனக்கு மூத்த உபதேசியார்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவருக்கு முழங்காலில் வலி, மற்றவருக்கு மனைவியின் முழங்காலில் வலி. ஆகவே ஊழியம் எனக்கு வந்தது. ஜெபம் நடத்தலாம், அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், அடக்கம் செய்யலாம், மூன்று ஓலையும் முறையாக வாசித்தபின் கல்யாணமும் செய்துவைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதுவரை யாரும் என்னிடம் எதையும் நம்பிக் கொடுத்ததில்லை என்று எனக்கு ஒரு குறை இருந்தது.

மழை விட்டிருந்த மாதங்கள் அவை. உன் அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஆண்கள் சைக்கிளில் போனாள் என்றால் நீ நம்புவாயா? டயர் கிடைக்காத காலம். கெட்டி ரப்பரை வளைத்துக் கம்பியால் கட்டிய சக்கரம். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். கோலப்பிலா மேட்டில் நான் இறங்கித் தள்ளுவேன், அவள் இறங்கமாட்டாள். மேலே போய் நின்றுகொண்டு, "என்னப்பா, கிராணியாருக்கு மூச்சு வாங்குதோ? போதகரிட்டைச் சொல்லி இன்னொரு கடிதம் வாங்கித் தரட்டோ?" என்று கூப்பிடுவாள். வழியில் எந்தத் தோட்டமானாலும் முதலில் நோயாளி இருக்கிற வீட்டுக்குப் போவோம். அவள் புண்ணைக் கழுவிக் கட்டுவாள், நான் சங்கீதம் வாசிப்பேன். எது அவர்களுக்கு அதிகம் தேவைப்பட்டது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பிறகு ஒரு மரவள்ளிக்கிழங்கை ஆறாக நறுக்கி எங்களுக்கும் ஒரு துண்டு வைப்பார்கள். மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள்.

ஆற்றைப் பற்றிக் கேட்டாய். பாலத்தடியில் இறங்காதே, அங்கே சேறு. அரை மைல் மேலே போனால் ஆறு வளைகிற இடத்தில் மணல் இருக்கிறது. அது இன்னும் இருந்தால் அங்கேதான் கூடாரம் போடலாம். அந்த வளைவில் அம்மா மூங்கிலை வெட்டித் தெப்பம் கட்டினாள். கட்டக் கற்றுக்கொடுத்தவர் அக்கரைக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர்; அவரைப் பாக் மாட் என்று கூப்பிடுவோம். இரண்டாம் நாளே அவரைவிட அவள் நன்றாகத் தள்ளினாள். ஒரு தடவை நடு ஆற்றில் கழி வழுக்கி அவள் விழுந்துவிட்டாள். நான் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். அவள் பத்து முழம் தள்ளி எழும்பிச் சிரித்தாள். "எனக்கு நீந்தத் தெரியும் எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே," என்றாள். கல்யாணமாகி மூன்று வருடம். நான் கேட்கவில்லைதான். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் தடவு. இருட்டுவதற்கு முன் விறகு பொறுக்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எங்களைச் சுற்றிச் சனங்கள் பட்டினி கிடந்தார்கள், ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். நானும் உன் அம்மாவும் அந்த மாதங்களில் சந்தோஷமாக இருந்தோம். அதற்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்ததில்லை. எங்களால் அப்படி இருக்க எப்படி முடிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

பகாவைத் தாண்டிய ஒரு தோட்டத்தில் பதினொரு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. காலியாகக் கிடந்த ரப்பர் புகைக்கொட்டகையில் ஆராதனை. அங்கே தாவீது என்று ஒரு பால்மரம் வெட்டும் பையன், இருபத்திரண்டு வயது. ஞானம்மாள் என்று ஒரு பெண், தாயில்லாதவள். அவளுடைய அப்பா யாக்கோபு. இரண்டு பேருக்கும் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணமானவனைச் சயாமுக்கு எடுக்கமாட்டான், தனியாளைத்தான் எடுக்கிறான் என்று எல்லாத் தோட்டத்திலும் ஒரு பேச்சு. ஆகவே அவசரப்பட்டார்கள். நான் முதல் ஞாயிறு ஓலை வாசித்தேன். அடுத்த ஞாயிறும் வாசித்தேன். இடைப்பட்ட நாட்களில் சுற்றியிருந்த தோட்டங்களுக்குப் போய்விட்டு இங்கேயே திரும்புவோம். ஓலை வாசித்த தேதியையும் பெயர்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். மூன்றாவதுக்கு ஒரு வரி விட்டுவைத்தேன்.

இரண்டாம் ஓலைக்கு அடுத்த புதன்கிழமை நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு யாக்கோபு வந்தார். பின்னால் தாவீது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஞானம்மாள்.

"ஐயா, பக்கத்துத் தோட்டத்துல நேத்து ஆள் புடிக்கிற லோரி வந்துருச்சு. அடுத்தது நம்ம தோட்டந்தான்னு வேல மேக்கிற தண்டலு சொல்றாரு. நாளைக்கே முடிச்சுக் குடுத்துருங்கய்யா."

"இன்னும் ஒரு ஓலை இருக்கிறது. நாலு நாள்தானே," என்றேன்.

"நாலு நாளு பொறுக்கச் சொல்லி லோரிக்காரன்கிட்ட யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?" என்றான் தாவீது. யாக்கோபு அவன் தோளில் ஓர் அடி போட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "ஜப்பான்காரன் வந்து மணிக்கூட்டையே ஒண்டரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிப்போட்டான். எல்லாரும் டோக்கியோ நேரத்திலைதானே எழும்புறம். நீங்கள் ஒரு ஞாயிறை வியாழனுக்குக் கொண்டுவர ஏலாதோ?"

யாக்கோபு சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் முன்னால் பெண்சாதி என்னைக் கேலி செய்கிறாள் என்பதுதான் எனக்குப் பட்டது. "ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு. ஒராளுக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும்," என்று அவளிடம் சொன்னேன். அவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னேன். நீ போகிற இடத்திலும் யாராவது வந்து அவசரம் என்பார்கள், மகனே. அது உன் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் அவர்கள் முகத்தைப் பார். நான் பார்க்கவில்லை. ஞானம்மாள் அன்று என்ன நிறச் சேலை உடுத்தியிருந்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் விடியற்காலை நான் காட்டுக்குப் போய்விட்டேன். மலையடிவாரத்தில் உப்பு மண் இருக்கிற இடத்துக்குக் காட்டெருதுகள் வரும், காட்டுகிறேன் என்று பாக் மாட் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் வருவதாகத்தான் இருந்தது. அன்று பார்த்துக் கால் வலிக்கிறது என்றாள். கோலப்பிலா மேட்டில் இறங்காத கால். எனக்குச் சந்தேகம் வரவில்லை. உண்மையில் நிம்மதியாக இருந்தது; யாக்கோபு மறுபடி வந்து கெஞ்சினால் பார்க்கவேண்டியதில்லை. அன்று சாயங்காலம் நான் மரத்தின் மேல் பரண் மாதிரி ஒன்றில் குப்புறப் படுத்திருந்தேன். ஐந்து காட்டெருதுகள் வந்தன. கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை, காலுறை மாட்டி அனுப்பியதுபோல. மண்ணை நக்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. மூச்சு விடவும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை அம்மா பார்க்கவில்லையே என்று வருத்தப்பட்டேன். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து விவரமாகச் சொன்னேன். கொம்பு எவ்வளவு நீளம், கன்று இருந்ததா என்றெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை லோரி வந்தது. ஒன்பது பேரை ஏற்றினார்கள். கல்யாணமானவனா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஏறியவர்களில் ஐந்து பேருக்கு மனைவி இருந்தாள். அந்த ஐந்து பெண்களும் லோரிக்குப் பின்னால் ஓடினார்கள். ஞானம்மாளும் ஓடினாள். தாவீது என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்து, "அம்மா, அவள பாத்துக்குங்க!" என்று கத்தினான். "போட்டு வாங்கோ தம்பி," என்றாள் அம்மா. அவன் திரும்பி வரவில்லை. எங்கே இறந்தான், எப்போது இறந்தான் என்று சொல்ல யாரும் மிச்சமில்லை.

அன்று நான் அம்மாவிடம் ஒன்று சொன்னேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது, "கண்டீரோ? கலியாணம் கட்டினவனையும்தானே கொண்டு போறான். நான் செய்ததிலை என்ன பிழை?" என்றேன். கோலப்பிலா வந்ததும், தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டாள்.

யுத்தம் முடிந்தபின் சிரம்பான் போதகர் அந்தத் தோட்டங்களைப் பார்க்க வந்தார். நாங்களும் கூடப் போனோம். ஞானம்மாள் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு வந்தாள். தகப்பன் பெயர் கேட்டார். தாவீது என்றாள். போதகர் என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"கிராணியார், இதுல ரெண்டு ஓலைதான் இருக்கு. கல்யாணம் நடந்த மாதிரி எழுதலையே."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்து நின்றாள். "நடந்தது ஐயா. நான்தான் செய்துவைச்சன்."

"என்ன செஞ்சு வச்சீங்க?"

"கலியாணம்."

கொட்டகையில் சிலர் சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை; தன்மையாகத்தான் சொன்னார். "அம்மா, நீங்க ஜெபம் பண்ணியிருப்பீங்க. அது வேற, இது வேற." பிறகு என் பக்கம் திரும்பினார். "மூணாவது ஓலை வாசிச்சீங்களா, இல்லையா? நீங்க சொல்றத நான் எழுதிக்கிறேன்."

அம்மா எழுந்து சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நான் மரத்தின் மேல் கிடந்த அன்று என் மனைவி எனக்குத் தெரியாமல் ஒரு கல்யாணத்தை நடத்திவிட்டாள். யாக்கோபுக்குத் தெரியும், தாவீதுக்குத் தெரியும், ஒருவேளை தோட்டம் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் மனைவி செய்துவைத்தாள், அதை நான் ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் எழுதியிருப்பார், எனக்கு நிச்சயம். "வாசிக்கேல்லை," என்றேன். உண்மைதான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக்காகச் சொல்லவில்லை, மகனே. என்னிடம் மறைத்தாளே என்கிற ஆத்திரத்தில் சொன்னேன். குழந்தையின் தகப்பன் பெயர் எழுதுகிற இடத்தில் போதகர் ஒரு கோடு போட்டார். ஞானம்மாள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது, கோடு தெரியும்.

அடுத்த மாதம் சிரம்பானில் ஸ்தோத்திர ஆராதனை. யுத்த காலத்திலும் சபையின் ஒழுங்கை ஓர் எழுத்தளவும் விட்டுக்கொடுக்காதவர் என்று போதகர் என் பெயரைச் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அன்றோடு நான் கோயிலுக்குப் போவதை விட்டேன். சபையில் ஜாதி பார்க்கிறார்கள், பணக்காரனுக்கு முன்வரிசை கொடுக்கிறார்கள் என்று உன்னிடமும் தங்கையிடமும் காரணம் சொல்லி வளர்த்தேன். அவையெல்லாம் உண்மை, இன்னும் நாலு சொல்லவும் என்னால் முடியும். ஆனால் அந்த மனிதர் என்னைப் புகழ்ந்ததை நான் மன்னிக்கவில்லை என்பதுதான் காரணம். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அடுத்த வாரம் போயிருப்பேன்.

அம்மாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். நீ பிறந்து கொஞ்ச நாளுக்குப் பிறகு. அன்றைக்கு என்ன சொல்லிக் கல்யாணம் செய்துவைத்தாய், சடங்குப் புத்தகம் என் பையில்தானே இருந்தது என்று. "உங்களுக்கு ஏன் அது? உங்கட நோட்டுக் கொப்பியிலை அது இல்லையே," என்றாள். உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய்விட்டேன். ஆனால் தெரிந்துகொள்ளவேண்டும் என்கிற அரிப்பு போகவில்லை. இருபத்தைந்து வருடம். ஆபீசில் கணக்குப் பார்க்கும்போது வரும், சவரம் செய்யும்போது வரும். என்ன சொல்லியிருப்பாள்?

உனக்கு மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நான் பகாவுக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனேன். ஞானம்மாள் இப்போது தோட்டத்தில் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் மகளோடும் மருமகனோடும் இருக்கிறாள். மகள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோடு போட்ட குழந்தை. தாவீதின் நெற்றி அவளுக்கு.

"கிராணி ஐயாவா? ஐயய்யோ, தலையெல்லாம் வெளுத்துப் போச்சே! உள்ள வாங்க, உள்ள வாங்க. அம்மா வரலையா?" என்றாள் ஞானம்மாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் மைலோ கலக்கிக் கொடுத்தாள். உன் கல்யாணத்தைச் சொன்னேன். பெண் யார், என்ன நகை போட்டார்கள் என்று கேட்டாள். மன்னிக்கவேண்டும் என்று தொடங்கினேன். "விடுங்கய்யா. எம் புருஷன் யாருன்னு எனக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டாள். மிஷின் ஒரு நிமிடம் நின்று மறுபடி ஓடியது. கடைசியில் நான் வந்த விஷயத்தைக் கேட்டேன். அன்றைக்கு அம்மா என்ன சொன்னாள்?

"அம்மா எங்க ரெண்டு பேரையும், எங்கப்பாவையும் தெப்பத்துல ஏத்தி அந்த மணல் மேட்டுக்குக் கொண்டு போனாங்க. ஐயா ரெண்டு ஓலை வாசிச்சிட்டாரு, மூணாவத நான் வாசிக்கிறேன்னாங்க. எங்க பேரச் சொன்னாங்க. தடை சொல்றவங்க யாராச்சும் இருந்தா இப்ப சொல்லுங்கோன்னு ஆத்தப் பாத்து சத்தமாக் கேட்டாங்க. கேட்டுட்டு சும்மா நின்னாங்க. ரொம்ப நேரம் நின்னாங்கய்யா. கொசுக்கடி வேற."

"ஏன் நிற்கவேண்டும்? அங்கேதான் யாரும் இல்லையே."

"அதத்தான் அவரும் கேட்டாரு. சொல்ல வர்றவங்களுக்கு நேரம் குடுக்கணும், அதுதான் முறைன்னாங்க. அப்புறந்தான் தாலி கட்டச் சொன்னாங்க. அவங்க சேலக் கரையிலேருந்து உருவுன நூலு."

"அவ்வளவு நேரமும் நீ என்ன செய்தாய்?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. ஐயா காட்டுக்குள்ளேருந்து வந்துரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த மாதங்களில் நானும் உன் அம்மாவும் எத்தனையோ வீட்டில் முழங்கால் போட்டு ஜெபித்தோம். காய்ச்சல் இறங்கவேண்டும், அரிசி கிடைக்கவேண்டும், லோரி வரக்கூடாது, போனவன் திரும்பவேண்டும் என்று. எதற்குக் கர்த்தர் செவிகொடுத்தார், எதற்குக் கொடுக்கவில்லை என்று என்னால் சொல்லமுடியாது. கேட்கப்பட்டது என்று நான் எந்தக் கோயிலிலும் எழுந்து சாட்சி சொல்லக்கூடிய ஜெபம் ஒன்றே ஒன்று, ஞானம்மாளுடையது. அந்தச் சாயங்காலம் நான் வரவில்லை.

உன் அப்பா